சைக்கிளை வேகமாக மிதிக்கப் பழக: சாலையா, டர்போவா, ரோலரா?

நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்துப் பழகியவர் 100ஐத் தொட்டால் சீட்டில் குதிக்க ஆரம்பிப்பார். பெடல் அடிமட்டத்தைத் தொட்ட பிறகும் கால் அழுத்திக்கொண்டே இருப்பதுதான் காரணம். அந்த அழுத்தம் உடம்பைத் தூக்கிவிடுகிறது. முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்தால் அடிமட்டத்தில் கால் நேராக நீள வேண்டும். சீட் அதற்குமேல் இருந்தால் இடுப்பு ஆடும், எந்தப் பயிற்சியும் உதவாது.

சாலை என்றால், சென்னையின் எண்ணூர் விரைவுச்சாலைக்குச் செலவில்லை, மேடும் இல்லை. கியரில் முன்னால் 34 பல், பின்னால் 17 பல் சக்கரம் போட்டு 100 சுற்று மிதித்தால் ரோடு பைக் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் போகும். தெற்குக் காற்று வீசும் நாளில் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும்போது பயிற்சி செய்யுங்கள். முதுகில் காற்று, காலில் பாரம் குறைவு. திரும்பும்போது எண்ணிக்கையை மறந்துவிட்டு வீடு சேர்ந்தால் போதும். ஆனால் துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரே சீராக 10 நிமிடம் மிதிப்பது கனவுதான். ஒற்றைக்கால் பயிற்சியை அங்கே செய்யவே கூடாது.

அதற்கு, சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்கவைக்கும் டர்போ ட்ரெய்னர்தான் சரி. ஒரு கால் 30 விநாடி, பிறகு மறுகால். மேலே வரும்போது செயின் தளர்ந்து 'டக்' என்று கேட்டால், கால் அந்த இடத்தைத் தாண்டத் தெரியாமல் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். டர்போவின் குறை, பின்சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் உடம்பின் ஆட்டத்தை மறைத்துவிடும். நம் புழுக்கத்துக்கு மின்விசிறியும் துண்டும் கட்டாயம். ஹேண்டில்பார் போல்ட்டில் வடியும் வியர்வை துருவாகிவிடும்.

சீரான மிதிக்கு என் ஓட்டு ரோலருக்கே. மூன்று உருளைமேல் வண்டி பிடிமானமின்றி ஓடுவதால், தோள் கொஞ்சம் ஆடினாலும் முன்சக்கரம் அலைந்து காட்டிக்கொடுக்கும். முன் உருளை முன் அச்சுக்கு ஏறக்குறைய நேர்கீழே இருக்கட்டும். முதல் வாரம் வாசற்கதவு நிலைக்குள் ஏறுங்கள். முழங்கையை ஊன்ற இருபுறமும் இடமிருக்கும். பார்வை முன்சக்கரத்தில் விழுந்தால் வண்டி தடுமாறும், நாலடி முன்னால் பாருங்கள்.

85இல் தொடங்கி நிமிடத்துக்கு 5 கூட்டுங்கள். குதிப்பு வந்ததும் 5 குறைத்து 3 நிமிடம் அங்கேயே நில்லுங்கள். இப்படி 4 முறை. சுற்றை எண்ணும் சென்சார் இல்லையென்றால் வலது முழங்கால் 15 விநாடியில் எத்தனைமுறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 25 என்றால் 100. பாரம் குறைவு என்பதால் ரோலரில் கால் பலம் பெரிதாக அதிகரிக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம். மாடிவீடானால் அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். உருளைச் சத்தம் கீழ்வீட்டுக்கு நன்றாகவே கேட்கும்.