பட்டமா, பட்டறையா, கூத்துக் களரியா? வன்னியில் நாடகத்தோடு வாழ நினைப்பவர்களுக்கு

ஏ.எல்.லுக்கு (உயர்தரத்துக்கு) நாடகமும் அரங்கியலும் எடுத்த பிள்ளையிடம் "இதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்காத சொந்தக்காரர் குறைவு. பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுத்தே வாழ வேண்டும் என்றால் வன்னியில் மூன்று வழிகள்: பட்டம் எடுத்து ஆசிரியராவது, தொண்டு நிறுவனப் பட்டறைகளில் வளவாளராவது, கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரிடம் கூத்துப் பழகுவது. கடைசி வழியில் வருமானம் இல்லை. ஆனாலும் அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பேச முடியாது.

முதலில் பட்டம். வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருந்தாலும் அங்கே கலைப்பீடம் இல்லை. ஆகவே யாழ்ப்பாணம், அல்லது மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம். யாழ்ப்பாணம் கிட்ட. 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவர் நாடகத்துக்குப் போட்ட பாதையும் அங்கேதான். என்னைக் கேட்டால் கல்லடி என்பேன். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்தும் ஆடும் ஊர்களுக்கு நடுவே படித்தால் நம்முடைய கூத்தையும் வேறு கண்ணால் பார்க்க வரும்.

பட்டத்தின் பலம் நிரந்தரச் சம்பளமும் ஓய்வூதியமும். பலவீனம், நியமனத்துக்குக் காத்திருப்பது. நாடகம் படித்தவர் அபிவிருத்தி உத்தியோகத்தராகிப் பிரதேச செயலகத்தில் கோப்புத் தூக்குவதும் நடக்கிறது. பள்ளிக்கூடம் கிடைத்தாலும் நாற்பது நிமிடப் பாடவேளையில் மேசை கதிரை ஒதுக்கவே பத்து நிமிடம் போய்விடும். மிச்ச நேரம் சோதனைக்கான குறிப்பு. தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினால்தான் அதிபருக்கு நாடக ஆசிரியர் ஞாபகம் வரும்.

பட்டறை வேலை வேறு மாதிரி. மிதிவெடி விழிப்புணர்விலிருந்து நுண்கடன் வரை வன்னியில் தெருவெளி நாடகம் ஆடாத விஷயம் குறைவு. பிரேசில்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய முறையில், நாடகத்தைப் பாதியில் நிறுத்திப் பார்வையாளரையே மேடைக்கு ஏற்றி முடிவை மாற்றச் சொல்வார்கள். சனத்தின் முன் சமயோசிதமாக நிற்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் கருப்பொருளைத் தீர்மானிப்பது காசு தருபவர். புரொஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஆறு மாதம் ஓட்டம், ஆறு மாதம் வீடு.

அடுத்தது கூத்து. முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து, மன்னார்ப் பக்கம் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்தும் வாசாப்பு நாடகமும், பிறகு வன்னியெங்கும் காத்தவராயன் கூத்து. காத்தவராயனில் காத்தான் பாத்திரத்தை வயதுக்கு ஏற்றபடி பலர் பிரித்து ஆடுவார்கள். சின்னக் காத்தானாக வருவது ஒரு பொடியன்தான். அவன் வரியை மறந்து முழிக்கும்போது அண்ணாவியார் அதட்டமாட்டார். அவர் அடியை எடுத்துக் கொடுப்பார், பிற்பாட்டுக்காரர் அதையே இன்னொரு தரம் இழுப்பார்கள், ஆர்மோனியமும் கூடவே நிற்கும். அதற்குள் பொடியன் சுதாரித்துவிடுவான். முன்னால் பாயில் இருக்கும் சனத்துக்கு அவன் மறந்ததே தெரியாது. ஒரு பிள்ளையை வெட்கப்படுத்தாமல் மேடையில் வைத்திருக்கும் இந்த வித்தையை விரிவுரையாகக் கேட்டு எடுப்பது கஷ்டம்.

ஆகவே என் தேர்வு: சோற்றுக்குப் பட்டம், தொழிலைப் பழகக் கூத்து. பட்டறையை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மாறும். மரபில் கண்ணகி வேடமும் ஆணுக்குத்தான் போனது. இன்றும் எல்லா ஊர்க் களரியும் பெண்ணுக்குத் திறந்துவிடவில்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடக் கூத்துத்தான் நல்ல வாசல். அங்கே பிள்ளை கோவலனாகவே ஆடலாம். அண்ணாவியாரைப் பள்ளிக்கு அழைத்துப் பழக்கும் அதிபர் கிடைத்தால் அந்தப் பள்ளியை விடாதீர்கள், வீட்டிலிருந்து கொஞ்சம் தூரமாக இருந்தாலும் சரி.