நேரத்துக்கு ஃப்ளோர் உண்டு, எண்ணுக்கு இல்லை: பாண்டாஸோடு நான்கு வருஷம்

பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் நூலகமான பாண்டாஸில், கணக்குப் போட்டு வந்த நெடுவரிசையைக் கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்க, அதாவது ‘ஃப்ளோர்’ செய்ய, எது நல்ல வழி என்று நண்பர் ஒருவர் நேற்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது.

பாண்டாஸில் ஒற்றை நெடுவரிசைக்கு சீரிஸ் என்று பெயர். அதற்கு ரவுண்ட் (பக்கத்து எண்ணுக்குத் திருத்துவது) இருக்கிறது. நேர நெடுவரிசை என்றால் ஃப்ளோரும் இருக்கிறது, பதினைந்து நிமிஷத்துக்கு இறக்கு என்றால் சமர்த்தாக இறக்கும். வெறும் எண்ணுக்கு மட்டும் அந்த மெத்தட் கிடையாது, எண் கணக்குகளுக்கான நம்பை நூலகத்தைத்தான் கூப்பிட வேண்டும். அதையும் குறை சொல்ல முடியாது: இன்டெக்ஸை (வரிசைகளின் அடையாளங்களை) கலைக்காமல் சீரிஸாகவே திருப்பித் தருகிறது, வேகமும் அபாரம்.

சோம்பல்பட்டு, முழு எண் வகைக்கு மாற்றும் ஆஸ்டைப் இன்ட் (astype(int)) போட்டு ஒரு முறை மாட்டிக்கொண்டேன். அது இறக்குவதில்லை, பின்னத்தை வெட்டிப் போடுகிறது. -2.5 என்றால் ஃப்ளோர் -3 தரும், இது -2 தரும். இருப்பு வித்தியாசம் மைனஸில் போகும் வரை இது என் கண்ணில் படவே இல்லை.

வகுத்து, கையோடு கீழ்ப்பக்க முழு எண்ணாக்கும் இரட்டைச் சாய்கோடு (//) இன்னும் வேடிக்கை. 1-ஐ 0.1-ஆல் வகுத்து ஃப்ளோர் செய்தால் 10. நேரே இரட்டைச் சாய்கோட்டில் வகுத்தால் 9! இருமத்தில் 0.1 துளியூண்டு கூடுதலாகத்தான் பதிவாகிறது. அதனால் ஒன்றுக்குள் முழுசாக ஒன்பதுதான் அடங்கும். சாதா வகுத்தலோ விடையைப் பக்கத்து எண்ணான பத்துக்குத் தள்ளி அதை மறைத்துவிடுகிறது. 4.35-ஐ நூறால் பெருக்கினாலும் இதே கூத்து: 434.99999999999994 வரும், ஃப்ளோர் 434 என்று கூசாமல் சொல்லும். முதலில் ஆறு தசம இடத்துக்கு ரவுண்ட், அப்புறம் ஃப்ளோர் என்று பழகிக்கொண்டேன்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. ஃப்ளோர் தருவது தசம வகைதான், அதை முழு எண் வகைக்கு மாற்றப் போனால், நெடுவரிசையில் காலி இடம் இருக்கும்போது சாதா இன்ட் பிழை காட்டும். பெரிய ‘ஐ’ போட்ட இன்ட்64 (Int64) வகை காலியை அப்படியே வைத்துக்கொள்கிறது. எங்கேயாவது பின்னம் ஒட்டிக்கொண்டிருந்தால் மாற்றவே மாட்டேன் என்கிறது. ஃப்ளோர் போட மறந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது இந்தப் பிடிவாதம்தான்.

சரி, நண்பருக்கு என்ன எழுதினேன்? “பாண்டாஸ் பக்கமே வராதீர்கள், தரவுத்தளத்தில் கேட்கும் எஸ்கியூஎல்லிலேயே ஃப்ளோர் போட்டு எடுத்துவிடுங்கள்.” அனுப்பிவிட்டு, நிரலைத் துண்டு துண்டாக (செல்களாக) எழுதி ஓட்டும் என் நோட்புக்கைத் திறந்தேன். முதல் செல்லிலேயே நம்பை, பாண்டாஸ் இரண்டும் இம்போர்ட் ஆகியிருந்தன.