எச்.டி. கல்யாணமும் எஸ்.டி. டிவிடியும்: எஃப்எஃப்எம்பெக் ஒரு மதிப்புரை

திருமண வீடியோவைப் பென் டிரைவில் கேட்பவர்களே இன்று பெரும்பான்மை. ஆனாலும் எல்லா வேலையும் முடிந்த பிறகு மணமகளின் தாத்தா மெதுவாக வந்து, "எனக்கு மட்டும் ஒரு டிவிடி போட்டுக் குடுத்துடுங்க தம்பி" என்று கேட்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் நிற்கவில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் இருப்பது பெரும்பாலும் 2006-க்குப் பின் அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. அதனோடு ஒரு பழைய டிவிடி ப்ளேயர். 1920-க்கு 1080 பிக்சல் என்ற எச்.டி. (உயர் தெளிவு) அளவில் படம்பிடித்து, வெட்டி, வண்ணம் திருத்தி முடித்த ஒன்றை, அந்தப் பெட்டிக்காக 720-க்கு 576 என்ற எஸ்.டி. (சாதாரணத் தெளிவு) அளவுக்குள், அதாவது நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சிகளின் பால் (PAL) முறைக்குள் இறக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்காகச் சில ஆண்டுகளாக நான் நம்பியிருக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதலில், அது எந்தத் தொல்லையிலிருந்து என்னை விடுவித்தது என்பதைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நான் எடிட்டிங் மென்பொருளுக்குள்ளேயே ப்ராஜெக்டின் அமைப்பை எச்.டி.யிலிருந்து எஸ்.டி.க்கு மாற்றிப் பார்த்தேன். மூன்று மணி நேர டைம்லைனில் நான் வைத்திருந்த எழுத்துகள் சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) வெளியே போய்விட்டன. புகைப்படங்களுக்குக் கொடுத்திருந்த நகர்வுகள் மூலைகளை மட்டும் பெரிதாக்கிக் காட்டின. இடமும் நகர்வும் பிக்சல் கணக்கில் பதிவாகியிருந்ததால், சட்டம் சுருங்கியபோது அவை கூடவே சுருங்கவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய இரண்டு இரவுகள் ஆயின. அன்றிலிருந்து ப்ராஜெக்டைத் தொடுவதே இல்லை. எச்.டி.யிலேயே முடித்து, ப்ரோரெஸ் போன்ற, கண்ணுக்குத் தெரியும்படி தரம் குறையாத எடிட்டிங் வடிவத்தில் ஒரு மாஸ்டர் கோப்பை வெளியே எடுத்து, அந்தக் கோப்பை மட்டுமே மாற்றுகிறேன்.

எஃப்எஃப்எம்பெக் 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிவைத்த திறமூல மென்பொருள். காசு கேட்கும் மாற்றிகள் பலவற்றின் வயிற்றுக்குள்ளும் இதுவே இருக்கிறது. இதற்குப் பொத்தான்களோ சாளரமோ கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். 'பால்-டிவிடி' என்ற ஒரே இலக்கைக் குறிப்பிட்டால் போதும்: 720-க்கு 576 அளவு, நொடிக்கு 25 சட்டம், நொடிக்கு 6 மெகாபிட் வேகம், 48 கிலோஹெர்ட்ஸில் ஏசி3 ஒலி என்று டிவிடிக்கு வேண்டிய அனைத்தையும் அதுவே அமைத்துக்கொள்கிறது. 16:9 வடிவத்தையும் கோப்பில் சரியாகக் குறித்துவிடுவதால், மணமக்கள் கொடிபோல் நீண்டு தெரியும் பழைய விபத்து இதில் நேர்வதில்லை. அவசரத்துக்கு இது போதும் என்றாலும், இந்த ஒற்றை இலக்குக் குறுக்குவழியோடு நின்றுவிட்டவர்கள் இந்த மென்பொருளைப் பாதிதான் பயன்படுத்துகிறார்கள் என்பது என் கருத்து.

காரணம், அசைவு. நான் நொடிக்கு 50 முழுச் சட்டங்களாகப் படம்பிடிக்கிறேன். குறுக்குவழி அதில் ஒன்றுவிட்டு ஒன்றைத் தூக்கிப் போட்டு 25 ஆக்கிவிடும். மாலை மாற்றும்போதும் ஊஞ்சல் ஆடும்போதும் அசைவு விட்டுவிட்டுத் துள்ளும். ஆனால் எஸ்.டி. தொலைக்காட்சி நொடிக்கு 50 ஃபீல்டுகளை, அதாவது ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் கொண்ட அரைச் சட்டங்களை, காட்டவல்லது. ஒரு சட்டத்தின் ஒற்றைப்படை வரிகளையும் அடுத்த சட்டத்தின் இரட்டைப்படை வரிகளையும் பின்னி ஒரே சட்டமாக்கும் வடிகட்டி (ஃபில்டர்) ஒன்று எஃப்எஃப்எம்பெக்கில் இருக்கிறது. மேல் ஃபீல்டு முதலில் என்று சொல்லி, இப்படிப் பின்னிய இன்டர்லேஸ் முறையிலேயே குறியாக்கவும் (என்கோடு செய்யவும்) பணித்தால், ஊஞ்சல் ஊஞ்சலாகவே ஆடுகிறது. பழைய கேமராவில் 1080 இன்டர்லேஸாக எடுத்த காட்சி என்றால் இன்னும் கவனம் தேவை. அதை நேரடியாகச் சுருக்கினால் இரண்டு ஃபீல்டுகளின் வரிகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, அசையும் விளிம்பெல்லாம் சீப்புப் பற்களாகிவிடும். முதலில் ஃபீல்டுகளைப் பிரித்து 50 முழுச் சட்டங்களாக்கி, பிறகு சுருக்கி, கடைசியில் மறுபடி பின்ன வேண்டும். பிரிப்பதற்கு 'பிடபிள்யூடிஃப்' என்ற வடிகட்டியைப் பயன்படுத்துகிறேன். இதைவிடப் பழைய 'யாடிஃப்' வடிகட்டியைக் காட்டிலும் சாய்ந்த விளிம்புகள் இதில் எனக்குச் சுத்தமாகத் தெரிகின்றன.

பட்டுப்புடவையின் ஜரிகை தனிக் கதை. எச்.டி.யில் கண்ணைப் பறிக்கும் அதே மெல்லிய தங்கக் கோடு, எஸ்.டி.யில் ஒரே ஒரு வரியின் உயரத்துக்குள் அடங்கிவிட்டால், ஒரு ஃபீல்டில் தெரிந்து அடுத்த ஃபீல்டில் மறைந்து, பழைய குழாய்த் தொலைக்காட்சியில் மினுக்மினுக்கென்று துடிக்கும். பின்னும் வடிகட்டியிலேயே, செங்குத்தான நுணுக்கத்தைச் சற்றே மழுங்கடிக்கும் ஒரு தேர்வு உள்ளது. கணினித் திரையில் பார்த்தால் படம் கொஞ்சம் மொத்தையாகத் தோன்றும். தாத்தாவின் பெட்டியில் பார்த்தால் அமைதியாக இருக்கும். பார்க்க வேண்டியது அந்தப் பெட்டியில்தான். கூர்மை வேண்டும் என்று 'லான்சோஸ்' முறையில் சுருக்கி, அதன் மேல் ஷார்ப்பனும் போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஜரிகையைப் படம்பிடிக்கவில்லை, மின்மினிகளைப் படம்பிடித்திருக்கிறார்கள்.

வண்ணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. எச்.டி. படம் ரெக் 709 என்ற கணக்கிலும், எஸ்.டி. படம் ரெக் 601 என்ற கணக்கிலும் வண்ணத்தைப் பதிகின்றன. 709 எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அளவை மட்டும் குறைத்தால், தொலைக்காட்சி அவற்றை 601 என்று நினைத்துப் படிக்கும். கூறைப்புடவையின் சிவப்பு ஒரு படி இருண்டுபோக, பந்தி வாழையிலையின் பச்சை அளவுக்கு மீறிப் பளிச்சிடும். எனவே சுருக்கும் வடிகட்டியிடமே உள்ளே வருவது 709, வெளியே போவது 601 என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. மிகச் சிறிய கட்டளைதான். ஆனால் வண்ணம் திருத்த ஒரு வாரம் செலவழித்தவருக்கு அதன் அருமை தெரியும்.

இனி, டிஸ்க்கில் எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு. 4.7 ஜிபி டிஸ்க்கில் 6 மெகாபிட் வேகத்தில் ஏறத்தாழ 95 நிமிடம் அடங்கும். மூன்று மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் திணித்தால் படத்துக்குக் கிடைப்பது சுமார் 3.2 மெகாபிட், ஹோமப் புகை கட்டங்கட்டமாக உடைந்து தெரியும். முதல் சுற்றில் படத்தை அலசி, இரண்டாம் சுற்றில் பிட்டுகளைப் பங்கிடும் எஃப்எஃப்எம்பெக்கின் இருசுற்றுக் குறியாக்கம் இதை ஓரளவு சமாளிக்கிறது, மாயம் ஒன்றும் செய்வதில்லை. வாடிக்கையாளரிடம் இரண்டு டிஸ்க் என்று சொல்லிவிடுவதே மரியாதை. மாலை வரவேற்பு ஒன்றில், முகூர்த்தம் மற்றொன்றில் என்று பிரித்தால் யாரும் குறை சொன்னதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. உறவினர் கைபேசியில் நொடிக்கு 30 சட்டமாக எடுத்த துண்டுகளை 25-க்கு மாற்றும்போது, சட்டங்களைக் கைவிட்டால் அசைவு தடுக்குகிறது. இடைச்சட்டங்களைக் கற்பனை செய்யும் வடிகட்டியைப் போட்டால் கணினி இரவெல்லாம் ஓடியபின் விரல்கள் கரைந்து தெரிகின்றன. பிழைச்செய்திகள் பழகாதவரை மிரட்டும். ஒரு எழுத்து தவறினாலும் மொத்தக் கட்டளையும் நின்றுவிடும். டிவிடிக்கான மெனுவை இது செய்யாது. அதற்கு நான் டிவிடிஸ்டைலர் என்ற இன்னொரு இலவச மென்பொருளை நாடுகிறேன். நாம் கொடுக்கும் கோப்பை அது மறுபடி குறியாக்கம் செய்துவிடாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும்படி அமைப்பில் குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் இவ்வளவு பாடும் வீண்.

மாதம் ஒரு டிவிடி போட்டுத் தரும் சிறு ஸ்டுடியோவுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கட்டளையை ஒரு முறை சரியாக எழுதி, ஒரு நோட்பேட் கோப்பில் சேமித்து, மாஸ்டரின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். தட்டச்சு என்றாலே ஒவ்வாதவர்கள் இதன் பக்கம் வர வேண்டாம். போட்டுப் பார்த்துச் சரிபார்க்க ஸ்டுடியோ மூலையில் ஒரு குழாய்த் தொலைக்காட்சியும் ஓடும் நிலையில் ஒரு டிவிடி ப்ளேயரும் வைத்திருப்பவர்களுக்கு வேலை பாதி முடிந்தது; என்னுடையதை பழைய சாமான் கடையில் 400 ரூபாய்க்கு வாங்கினேன்.