சர்வர் திறக்கவில்லை என்றதும் ஹார்ட் டிஸ்கை மாற்றச் சம்மதித்துவிடாதீர்கள்

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் எங்கள் கடையின் கணக்கு முழுவதும் ஒரு சிறிய சர்வரில் இருக்கிறது. சென்ற ஐப்பசி மழையில் இரவு முழுவதும் மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் ஓய்ந்த பிறகு, காலையில் அது விண்டோஸுக்குள் செல்லாமல் நீலத்திரையில் நின்றுவிட்டது. அழைத்ததும் வந்த சர்வீஸ் கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்காமல், "அண்ணாச்சி, ரெண்டு டிஸ்கும் போயாச்சு" என்றார். புதிய டிஸ்குகளுக்கும் தரவு மீட்புக்குமாக 46,000 ரூபாய் எழுதிக் கொடுத்து, 10,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார். பழைய டிஸ்குகளையும் தாமே எடுத்துச் செல்வதாகச் சொன்னபோதுதான் எனக்கு நெருடியது. எங்களிடம் ரப்பர் கொடுக்கும் அத்தனை பேருடைய வங்கிக் கணக்கு விவரங்களும் அவற்றில் இருப்பதால் கொடுக்க மறுத்துவிட்டேன்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பராமரிக்கும் உறவினர் ஒருவர் வந்து பார்த்தபோது, விண்டோஸுக்கு முன்பே இயங்கி, சர்வரின் தொடக்க அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸுக்குள் நுழையவே முடியவில்லை. வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, சர்வீஸ் கடைக்காரர் எங்களிடம் கேளாமலே அதற்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்துவிட்டுப் போயிருந்தார். மதர்போர்டில் அதற்கென இருக்கும் ஜம்பர் என்ற சிறு இணைப்பியை மாற்றி அதை நீக்க வேண்டியிருந்தது.

சர்வர் நின்ற காலையில் நான் கைப்பேசியில் எடுத்துவைத்திருந்த படத்தில், திரையிலிருந்த தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. அதைப் பார்த்ததுமே அவர் மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பேட்டரியைக் கழற்றி அளந்தார். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட்கூட இல்லை. இந்தப் பேட்டரி தீர்ந்த நிலையில் மின்சாரமும் முழுவதுமாக நின்றுவிட்டால், பல மதர்போர்டுகளில் தேதியோடு சேர்ந்து தொடக்க அமைப்புகளும் தொழிற்சாலையில் வைத்த நிலைக்கே திரும்பிவிடுகின்றன. எங்கள் சர்வரில், டிஸ்குகளை மதர்போர்டு எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் சாட்டா அமைப்பு, இரண்டையும் ஒரே தொகுப்பாக நடத்தும் ரெய்டிலிருந்து தனித்தனியாக நடத்தும் ஏஎச்சிஐக்கு மாறியிருந்ததால்தான் விண்டோஸ் தன் டிஸ்கைக் காணாமல் நின்றிருக்கிறது. புதிய பேட்டரி போட்டு, தேதியைத் திருத்தி, அமைப்பை மீண்டும் ரெய்டுக்கு மாற்றியதும் சர்வர் திறந்தது. பேட்டரியின் விலை நூறு ரூபாயைத் தொடவில்லை. 'போய்விட்ட' டிஸ்குகளின் நிலையை அவற்றின் சொந்தப் பதிவுகளிலிருந்தே காட்டும் ஸ்மார்ட் சோதனையில், பழுதான செக்டார் (தரவு எழுதப்படும் சிறு பகுதி) ஒன்றுகூட இல்லை.

ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 முறையில் இரு டிஸ்குகளும் ஒரே இரவில் பழுதாவது, இடி மின்னல் போன்ற பெரிய காரணம் இல்லாவிட்டால், மிக அரிது. அப்படி யாராவது சொன்னால் முதலில் பயாஸில் தேதி, சாட்டா அமைப்பு, பூட் (தொடக்க) முறை, பூட் வரிசை ஆகியவற்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்கிலிருந்து விண்டோஸ் திறக்க யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை வேண்டும். அது லெகசி என்ற பழைய பூட் முறைக்கு மாறியிருந்தாலும் டிஸ்க் செத்துவிட்டது போலவே தோன்றும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ரெய்டு திரையில் புதிய தொகுப்பை உருவாக்கவோ இனிஷியலைஸ் செய்யவோ (டிஸ்குகளைப் புதிதுபோல் தயார் செய்யவோ) எவரையும் அனுமதிக்கக் கூடாது என்பது. அதுவரை பத்திரமாக இருக்கும் தரவு அங்கேதான் உண்மையில் அழியும்.

சர்வர் நன்றாக ஓடும்போதே ஒரு விடுமுறை நாளில் அதன் பயாஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். டிஸ்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய டிஸ்கின் சீரியல் எண்ணையும் சோதனை முடிவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். டிஸ்கை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த ரசீதில் 'சர்வர் வேலை' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருக்கின்றன.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, வந்து பார்த்ததற்கான கூலி அது என்கிறார். எந்தச் சோதனையில் டிஸ்குகள் பழுதெனத் தெரிந்தது என்று எழுத்தில் கேட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். கடைக்காரரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.