வெளிமாநிலத்தில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் பொறியியல் சீட்: 48,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிய கன்சல்டன்சி

கை நடுங்குகிறது, இருந்தாலும் இப்போதே எழுதிவிடுகிறேன். இன்னும் விண்ணப்பிக்கப்போகிற யாராவது ஒரு குடும்பமாவது தப்பிக்கட்டும்.

நாங்கள் புனேயில் இருக்கிறோம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். மகள் பள்ளிப் படிப்பு முழுக்க இங்கேதான், சிபிஎஸ்இ. கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் நல்ல மதிப்பெண், 200-க்குக் கட்ஆஃப் போட்டுப் பார்த்தால் கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்காவிட்டாலும் ஒரு நல்ல அரசுக் கல்லூரி நிச்சயம் என்று எல்லாரும் சொன்னார்கள். டிஎன்இஏ என்கிற தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு சிக்கல்தான். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்கு, தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழ் தேவையில்லை. வெளியே படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அது கட்டாயம். அது இல்லையென்றால் பிசி, எம்பிசி ஒதுக்கீடு என்ன, விண்ணப்பமே நிற்காது.

இந்த இடத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். திருநெல்வேலியில் இருக்கிற ஒரு அட்மிஷன் கன்சல்டன்சி. பெயர் எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறோம். புனே தமிழர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் விளம்பரம் வந்தது. வெளிமாநிலத் தமிழ் மாணவர்களுக்குத் தனிச் சேவை என்று போட்டிருந்தார்கள்.

போனில் பேசிய பையன் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. எந்த ஊர், எந்தத் தெரு, மாமனார் பெயர் என்ன என்று கேட்டான். எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா எந்த மாதம் என்றுகூடச் சரியாகச் சொன்னான். "அக்கா, நீங்க ஒண்ணுக்கும் அலைய வேண்டாம். நேட்டிவிட்டி, கம்யூனிட்டி, அப்ளிகேஷன், சாய்ஸ் ஃபில்லிங் எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம். நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றான். போன வருடம் சீட் வாங்கிக் கொடுத்ததாக நாலைந்து ஒதுக்கீட்டு ஆணைகளை அனுப்பினான். பூனாவில் இத்தனை வருடம் இருந்துவிட்டு, ஊர்ப் பேச்சில் ஒருவன் அக்கா என்று கூப்பிட்டால் நம்பாமல் என்ன செய்வது? கேட்ட தொகை 48,000. முன்பணம் 10,000 ஜிபே செய்தோம், மீதி 38,000-ஐ என் கொழுந்தன் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நேட்டிவிட்டி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் வாங்குவது 60 ரூபாய். டிஎன்இஏ விண்ணப்பக் கட்டணம் 500. அதற்கு 48,000!

அப்புறம் ஒரு சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பினான். வட்டாட்சியர் கையெழுத்து, ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப், மேலே அரசு முத்திரை, எல்லாம் இருந்தன. விண்ணப்பமும் போட்டாயிற்று என்றான். லாகின் கேட்டோம். "அக்கா, நீங்க உள்ள போய் ஏதாவது தொட்டா லாக் ஆயிரும்" என்றான். அடுத்த வாரம் கேட்டால் சர்வர் டவுன். அதற்கடுத்து, "வெரிஃபிகேஷன்ல இருக்கு, பயப்படாதீங்க." பிறகு என் போனை எடுப்பது ஒரு பெண். "சார் மீட்டிங்ல இருக்காங்க மேடம்." அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன்.

ரேங்க் பட்டியல் வந்த அன்று மகள் பெயர் அதில் இல்லை. கொழுந்தன் உடனே ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இருக்கும் டிஎன்இஏ சேவை மையத்துக்கு ஓடினார். அங்கிருந்த பேராசிரியர் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, கணினித் திரையை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டியிருக்கிறார். விண்ணப்பத்தில் கொடுத்திருந்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் எங்களுடையவையே அல்ல. இரண்டும் அந்த ஏஜென்ட்டுடையவை. சான்றிதழ் சரியில்லை, மாற்றிப் பதிவேற்றுங்கள் என்று வந்த தகவலெல்லாம் அவனுக்குத்தான் போயிருக்கிறது. அவன் எங்களிடம் வாயே திறக்கவில்லை.

அந்தச் சான்றிதழில் க்யூஆர் குறியீடும் இல்லை, இணையத்தில் சரிபார்க்கும் எண்ணும் இல்லை. இப்போதெல்லாம் டிஜிட்டல் கையெழுத்தோடு இணையத்தில் வரும் சான்றிதழைத்தான் ஏற்பார்கள். ரப்பர் ஸ்டாம்ப் காகிதத்தை வைத்து ஒரு பிள்ளையின் வருடத்தோடு விளையாடியிருக்கிறார்கள். அது போலி என்று என் மகள் மேல் பழி வந்திருந்தால் அவள் கதி என்ன?

நான் ஊருக்குப் போய் இ-சேவையில் முறையாக விண்ணப்பித்தேன். மகளின் பிறப்புச் சான்றிதழ், அவள் அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், மாமனார் வீட்டு ரேஷன் கார்டு, ஆதார், இவ்வளவுதான் கேட்டார்கள். விஏஓ விசாரித்தார், வருவாய் ஆய்வாளரிடம் போனது, வட்டாட்சியர் ஒப்புதலும் வந்தது. ஒருவருக்கும் ஒரு ரூபாய் கூடுதலாகத் தரவில்லை. ஆனால் அது கைக்கு வருவதற்குள் குறைகளைச் சொல்லித் திருத்தும் நாள் முடிந்துவிட்டது. இனி துணைக் கலந்தாய்வுதான். மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம் கிடக்கும் இடங்களில் அவள் தேட வேண்டும்.

பணத்தைக் கேட்டு நேரில் போனபோது அந்த ஆள் ரசீதின் அடியில் எறும்பு மாதிரி ஊர்ந்த ஒரு வரியைக் காட்டினான். சேவைக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. பிறகு, "வேணும்னா மேனேஜ்மென்ட் கோட்டாவுல அரசுக் கல்லூரிக்கே பாக்கலாம், கொஞ்சம் செலவாகும்" என்றான். அரசுக் கல்லூரியில் ஏது மேனேஜ்மென்ட் கோட்டா? 48,000 வாங்கியது போதாதென்று இன்னும் கறக்கப் பார்க்கிறான்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது முடிந்தது இவ்வளவுதான். விண்ணப்பத்தில் உங்கள் எண்ணையும் உங்கள் மின்னஞ்சலையும் மட்டும் கொடுங்கள், பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும். நேட்டிவிட்டிக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள், பொதுத்தேர்வுக்கு முன்பே இ-சேவையில் போட்டுவிடுங்கள். வெளிமாநிலத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது, தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழையும் சேர்த்தே வாங்குங்கள். சந்தேகம் என்றால் டிஎன்இஏ சேவை மையத்தில் இலவசமாகவே உதவுகிறார்கள்.

48,000 ரூபாய்க்கு நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டவர்கள் யாராவது இருந்தால், ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் போதுமா, ரொக்கமாகக் கொடுத்த 38,000-க்கு வேறு ஆதாரம் கேட்பார்களா என்று சொல்லுங்கள்.