அகழாய்வுக் குழியில் நாள் கட்டணமா, மாதச் சம்பளமா? பிரிட்டனின் களத் தொல்லியலாளர் நிலை

இங்கிலாந்தில் 1990-இல் வெளியான, கட்டுமான அனுமதியில் தொல்லியலைக் கருதுவது பற்றிய அரசின் திட்டமிடல் வழிகாட்டுக் குறிப்பு 16-க்குப் பின்னர், கட்டுமானத்தால் அழியவிருக்கும் தொல்லெச்சங்களை அகழ்ந்து பதிவு செய்யும் செலவைக் கட்டுமான நிறுவனங்களே ஏற்பது வழக்கமாயிற்று. அகழாய்வும் குறைந்த விலை கேட்பவருக்கு வேலை போகும் போட்டித் தொழிலாயிற்று. களப்பணியாளரைக் குறுகிய கால ஊழியராகச் சேர்ப்பதா, நாள் கட்டணத்துக்குச் சுயதொழிலராக அமர்த்துவதா என்ற கேள்வி இந்தப் போட்டியில்தான் கூர்மையடைகிறது.

நாள் கட்டணம் பார்வைக்குப் பெரிதாகத் தெரியும். கணக்குக்காக, ஆண்டில் 260 நாட்களுக்கு நாளொன்றுக்கு 100 பவுண்டு பெறும் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி 28 நாட்கள் ஊதிய விடுப்பு உண்டு என்பதால், அவர் உழைப்பது 232 நாட்களே. அதே 26,000 பவுண்டை ஈட்ட, 232 நாட்களும் வேலை கிடைக்கும் சுயதொழிலர் நாளுக்குச் சுமார் 112 பவுண்டு கேட்க வேண்டும். இரு திட்டங்களுக்கு இடைப்பட்ட வெற்று வாரங்கள் போக 200 நாட்களே கிடைத்தால், அது 130 ஆகிவிடும். முதலாளி செலுத்தும் ஓய்வூதியப் பங்கும், நோய்க்கால ஊதியமும், தாமே எடுக்கவேண்டிய பொறுப்புக் காப்பீடும் இதில் இன்னும் சேரவில்லை. வருமானத்திலிருந்து கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பான தேசியக் காப்பீட்டின் முதன்மை விகிதம் 2024 ஏப்ரல் முதல் ஊழியருக்கு 8 விழுக்காடு, சுயதொழிலருக்கு 6 விழுக்காடு என்பது உண்மைதான். அந்த இரண்டு விழுக்காடு இந்தப் பள்ளத்தை நிரப்பாது. உண்மையான ஆதாயம் அமர்த்தும் நிறுவனத்துக்கே: 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஊதியத்தின் மீது முதலாளி கட்டவேண்டிய 15 விழுக்காடு தேசியக் காப்பீடு அதற்கு மிச்சமாகிறது.

ஆனால், ஒப்பந்தத்தில் 'சுயதொழிலர்' என்று எழுதிவிடுவதால் மட்டும் ஒருவர் சுயதொழிலராகிவிடுவதில்லை. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியுமா, நட்டம் யாரைச் சேரும் என்பவற்றையே சட்டம் பார்க்கிறது. குறித்த நேரத்துக்கு வந்து, களப் பொறுப்பாளர் காட்டிய குழியைத் தோண்டி, நிறுவனத்தின் பதிவுத் தாளில் எழுதிச் செல்பவர், கையில் சொந்தக் கரணை வைத்திருந்தாலும், என் கணிப்பில் தொழில் நடத்துபவர் அல்லர். வரிச் சட்டம் ஊழியர், சுயதொழிலர் என்ற இரு நிலைகளை மட்டுமே அறியும். வேலைச் சட்டமோ இடையில் 'பணியாளர்' என்ற மூன்றாம் நிலையையும் வைத்து, அதற்குக் குறைந்தபட்ச ஊதியமும் ஊதிய விடுப்பும் அளிக்கிறது.

எலும்பையோ பானையோட்டையோ ஆராய்ந்து, பல நிறுவனங்களுக்கு அறிக்கை ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசி, பிழை நேர்ந்தால் தம் செலவிலேயே திருத்தித் தரும் வல்லுநருக்குச் சுயதொழில் இயல்பாகப் பொருந்துகிறது. இயந்திரம் மண்ணை அகற்றும்போது தனியே நின்று கண்காணிப்பவர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்: கட்டுமான நிறுவனத்துடன் நேரடியாக விலை பேசி, அறிக்கையையும் தம் பெயரில் அளித்தால் சுயதொழிலர், வேறொரு தொல்லியல் நிறுவனத்தின் பெயரில், அதன் சொற்படி நின்றால் பெரும்பாலும் அல்லர்.

சொந்தமாக ஒரு கம்பெனி பதிவு செய்து, அதன் பெயரில் வேலை எடுப்பது களப்பணியாளருக்கு அரிதாகவே பயன் தரும். 2021 ஏப்ரல் முதல், நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்கள் தாம் அமர்த்தும் இத்தகையோரின் வரி நிலையைத் தாமே தீர்மானிக்க வேண்டியிருப்பதால், அந்தத் திரையும் மெலிந்துவிட்டது. நேரடியாக அமர்த்தப்பட்டவரின் சுயதொழில் நிலை பொய்யென்று தெரிந்தால், வரித்துறை நிலுவைக்குப் பெரும்பாலும் அமர்த்திய நிறுவனத்தையே நாடும். இழந்த விடுப்பு ஊதியத்தை மட்டும் தோண்டியவரே, கால வரம்பு முடியுமுன், தீர்ப்பாயத்தில் கேட்டுப் பெறவேண்டும்.