விதைத்த புல்தரைக்குப் போர்வை எது: வைக்கோலா, சாக்கா, நார்க்கழிவா?

வீட்டு முன்னால் புல்தரை போட நினைப்பவர்கள் எந்த ரகம், கிலோ என்ன விலை என்று நிறைய விசாரிக்கிறார்கள். விதைத்த பிறகு மேலே எதைப் போட்டு மூடுவது, தண்ணீர் எப்படி விடுவது என்று கேட்பவர்கள் குறைவு. தரை சீராக முளைப்பதும் திட்டுத் திட்டாகப் போவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

பெர்முடா என்று கடையில் விற்கும் அருகம்புல் விதையையே எடுத்துக்கொள்வோம். தோல் நீக்கிய விதை ஒரு கிலோவில் சுமார் 40 லட்சம் இருக்கும், அவ்வளவு பொடி. அரை சென்டிமீட்டரைவிட ஆழமாகப் புதைந்தால் மேலே வராது. நம்மூர் வெயிலில் முளைக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை அந்த மேல் மண் காயவும் கூடாது, அரித்துக்கொண்டு போகவும் கூடாது. போர்வையின் வேலை இதுதான்.

வைக்கோல் சுலபமாகக் கிடைக்கும். பாதி மண் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மெலிதாகப் பரப்பினால் போதும், திரும்ப அள்ளவும் வேண்டாம், அங்கேயே மக்கிவிடும். ஆனால் கதிரடித்த பிறகும் வைக்கோலில் ஒட்டிக்கொண்டிருக்கும் நெல் புல்லோடு சேர்ந்து முளைக்கும், வயல் களைகளும் கூடவே வரும். செம்மண் பகுதியில் கரையான் தொல்லை வேறு. காற்றடிக்கிற இடத்தில் ஒரே ராத்திரியில் வேலியோரம் போய் ஒதுங்கிவிடும்.

தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைப்பதில் மற்ற இரண்டையும் மிஞ்சும். சிக்கல், பச்சையாக வாங்கி அப்படியே கொட்டுவதில்தான். பச்சைக் கழிவில் உப்பும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இருக்கும். கரிமமும் தழைச்சத்தும் 112:1 என்ற விகிதத்தில் இருப்பதால், மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையே அது இழுத்துக்கொள்ளும். நன்றாக மக்கிய கழிவில் இது 24:1 வரை இறங்கும். அதனால் மக்கியதையோ, நன்றாக அலசியதையோ மட்டும் வாங்குங்கள். எடை இல்லாத பொருள் என்பதால் ஒரு கனமழை வந்தால் விதையையும் சேர்த்து மிதக்கவைத்து மூலையில் கொண்டுபோய்க் குவித்துவிடும். சரிவான இடத்துக்கு ஒத்துவராது.

என் ஓட்டு சணல் சாக்குக்கு. தையலைப் பிரித்து விரித்து, ஓரங்களில் செங்கல் வையுங்கள். மேலே விழும் தண்ணீரின் வேகம் சாக்கிலேயே தணிந்து, கசிந்து இறங்கும். மைனாவும் குருவியும் விதையைக் கொத்த வழியில்லை. சர்க்கரைச் சாக்கு என்றால் அலசிக் காயவைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்புப் படையே வரும், விதையைத் தூக்கிக்கொண்டு போவதும் அதுதான். உரச் சாக்கும் பிளாஸ்டிக் சாக்கும் வேண்டவே வேண்டாம்.

சாக்கு ஒரு கவனம் கேட்கும். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் காலையில் மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெளிறிய நூல் மாதிரி முளை அங்கங்கே தெரிந்தால் அன்று சாயங்காலமே எடுத்துவிட வேண்டும், உச்சி வெயிலில் எடுத்தால் முளை கருகிவிடும். அதைத் தாண்டி விட்டுவைத்தால் முளை சணல் இழைக்குள் நுழைந்துகொள்ளும். அப்புறம் சாக்கைத் தூக்கும்போது புல்லும் வேரோடு வரும். வெளியூர் போகிற வாரத்தில் விதைப்பவர்களுக்கு வைக்கோல்தான் பாதுகாப்பு. பெரிய இடத்துக்கும் அதுதான், அத்தனை சாக்குக்கு எங்கே போவது? சின்ன இடமென்றால் சலித்த மண்புழு உரத்தைப் பொடியாகத் தூவி, அதன் மேல் சாக்கைப் போடலாம். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

தண்ணீருக்கு பூவாளியா, ஹோஸா, ஸ்பிரிங்க்ளரா? ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பீய்ச்சுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மண்ணில் சின்னச் சின்ன வாய்க்கால் விழுந்து, விதையெல்லாம் பள்ளத்தில் சேரும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பள்ளத்தில் கொத்தாகப் புல், மேட்டில் வெறும் மண். ஸ்பிரிங்க்ளர் சீராக விழும், காற்று அடங்கிய நேரமாகப் பார்த்துப் போட வேண்டும். இடம் சின்னது என்றால் பூவாளியே போதும். முளைக்கும்வரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை லேசாகத் தெளித்து, முளைத்ததும் தடவையைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள். அப்போதுதான் வேர் கீழே தேடிப் போகும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால், முளைக்கும் வரைக்குமாவது நல்ல தண்ணீர் கொடுங்கள். வளர்ந்த அருகு உப்பைத் தாங்கும், முளை தாங்காது.

கோரைக் களைக்கு, புல் விதைத்த பிறகு வைத்தியம் தேடுவது வீண். கிழங்கைப் பிடுங்கினால் பக்கத்துப் பிஞ்சுப் புல்லும் வந்துவிடும், களைக்கொல்லியை இளம் புல் தாங்காது. விதைப்பதற்கு முன்பே இரண்டு வாரம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட்டு, முளைத்து வருகிற கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுப்பது எவ்வளவோ மேல்.

புல் 5 சென்டிமீட்டர் உயர்ந்ததும் முதல் வெட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு தடவையும் வேலி வெட்டும் கத்தரிதான் நல்லது. மெஷினின் எடையும் மழுங்கிய பிளேடும் பிஞ்சு வேரை உலுக்கிவிடும். எதில் வெட்டினாலும் மண் காய்ந்திருக்கட்டும்.